தாதியர் பள்ளியும் தகப்பனார் கேள்வியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் யந்திரத்தில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று விடுத்திருக்கிறார். அவருடைய மூத்த குமாரி பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். நர்ஸ் தொழிலுக்குப் படிக்கவேண்டுமென்பது அவளுடைய விருப்பம். வீட்டுக்குச் சமீபமாக, கடைகளுக்கு மேல் மாடியில் நடைபெறும் தனியார் பள்ளியொன்று, ‘படிப்பு முடிந்ததும் நூற்றுக்கு நூறு வேலை நிச்சயம்’ என்று அச்சிட்ட தாளை அவர் கையில் கொடுத்து, பத்தாயிரம் ரூபாய் அச்சாரத்தையும் பெண்ணின் அசல் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டதாம். பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள ஒரு கல்லூரியின் தாளும் அவரிடம் இருக்கிறது. அங்கே தூரமும் அதிகம், செலவும் அதிகம். “எதில் சேர்ப்பது? படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா? தாலிக்கொடி நீங்கலாக வீட்டிலுள்ள நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது” என்று அவர் கேட்கிறார்.

இது ஒரு தகப்பனாரின் கேள்வியன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இந்த மேற்குப் பகுதி முழுவதும் உழைப்பாளிகளின் பிரதேசம். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம மாதிரியான சமுதாயமே நமது லட்சியம் என்று தீர்மானித்தது. பத்தே ஆண்டுகளில், 1965இல், அதே ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கிகள் வெளிவரலாயின. அந்தத் தொழிற்சாலைகளையும் தொழிற்பேட்டையையும் நம்பிக் குடியேறியவர்களின் பேரப் பெண்கள் இன்று பள்ளிப்படிப்பை முடித்து நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு மருத்துவப் படிப்பு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இஞ்சினீயரிங் படித்த அண்ணன்மார் வேலையின்றித் திரிவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். ஆகவே, ‘ஆஸ்பத்திரி இருக்கும்வரை நர்ஸுக்கு வேலை உண்டு’ என்ற எண்ணம் அவர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. அவ்வெண்ணம் பிழையுமன்று. ஆனால் அதனைக் காசாக்கக் காத்திருப்போர் பலர் என்பதைத்தான் பெற்றோர் அறியவேண்டும்.

தாதித் தொழில் நம் நாட்டில் நெடுங்காலம் தாழ்வாக எண்ணப்பட்டது. ‘செவிலியர்’ என்று இக்காலத்தில் வழங்கும் பெயரோ மிக உயர்ந்தது. நம் பழைய அகப்பாடல்களில் தலைவியைப் பெற்ற தாய்க்கு அடுத்தபடி நின்று வளர்த்தவள் செவிலித்தாய். பெயரளவில் தந்த இந்தப் பெருமையை நடைமுறையில் தர நாம் மறந்தோம். 1871ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி தொடங்கியபோதிலும், அக்காலத்தில் குடும்பப் பெண்களை அனுப்புவோர் மிகச் சிலரே. 1926இல் சென்னை நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் பிறந்தது. இத்தொழிலுக்குப் பதிவேடும் கவுன்சிலும் ஏற்பட்டன. 1946இல் வேலூரில் சென்னைச் சர்வகலாசாலையின் நர்ஸிங் பட்டப்படிப்பு துவங்கிற்று. அதே ஆண்டில் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் உண்டு என்று கணக்கிட்டதோடு, அந்த ஒருவரும் வாழ்ந்த வாழ்க்கையின் அவலத்தையும் எடுத்துக்காட்டிற்று. அன்று பயிற்சி பெற வருவோர் இல்லை. இன்றோ வருவோர் பல்லாயிரம், அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகளும் ஏராளம். பஞ்சம் இடம் மாறியிருக்கிறது. தரமான பயிற்சிக்கும் நியாயமான சம்பளத்துக்குமே இப்போது பஞ்சம்.

முதலாவதாக, எது நர்ஸ் படிப்பு, எது அன்று என்பதைப் பெற்றோர் தெளிந்துகொள்ள வேண்டும். சட்டம் ஒப்புக்கொண்டவை சிலவே. இரண்டாண்டில் முடியும் துணை நர்ஸ், மருத்துவச்சிப் பயிற்சி ஒன்று. ஜி.என்.எம். என்று வழங்கும் மூன்றாண்டு டிப்ளமா மற்றொன்று. நான்காண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் பட்டம் மூன்றாவது. இதை நடத்தும் கல்லூரி தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றதாகவோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமொன்றின் அங்கமாகவோ இருத்தல் வேண்டும். இவற்றை முடித்தவர்தாம் தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இல்லாதவர் எத்தனை வெள்ளுடை உடுத்தினாலும் சட்டத்தின் கண்ணில் நர்ஸ் அல்லர். ஆறு மாதம், ஓராண்டு என்று வகுப்பு நடத்தி, ‘நர்ஸிங் டிப்ளமா’ என்று பொன்னெழுத்தில் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கும் கூடங்கள் இப்பகுதியின் கடைத்தெருக்களில் இல்லாமலில்லை. அவற்றில் படித்த பெண் உதவியாளாக வேலை பார்க்கலாம், அது இழிவன்று. ஆனால் சர்க்கார் வேலைக்கு மனுச் செய்யவோ கடல் கடந்து செல்லவோ அந்தத் தாள் உதவாது. அவள் அதை உணர்வதற்குள் வயதும் பணமும் கழிந்துபோகின்றன. படிப்பின் பெயரை விளம்பரத்தில் படித்து நம்பிவிடாமல், கவுன்சில் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரும், அந்தப் படிப்பின் பெயரும், அந்த ஆண்டும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு படிப்புக்கு அங்கீகாரம் பெற்று அதன் நிழலில் வேறு நான்கு படிப்புகளை நடத்துவோரும் உண்டு.

அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே நமது அபிப்பிராயம். தாதியர் பள்ளியின் உயிர் நாடி அதன் கட்டிடத்திலோ கம்ப்யூட்டர் அறையிலோ இல்லை. நோயாளியின் படுக்கை ஓரத்தில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி எந்தப் படிப்புக்குப் பொருந்தினும் பொருந்தாவிடினும் இதற்கு முற்றிலும் பொருந்தும். ஊசி போடுவதை மெழுகுப் பொம்மையில் கற்கலாம். நாடித் துடிப்பு மாறுவதை, சுவாசம் திணறுவதை, நள்ளிரவில் ஒரு கிழவியின் முகம் வெளிறுவதை உயிருள்ள நோயாளியிடமன்றி எங்கே கற்பது? அதனால்தான் இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிகள், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளர் என்ற விகிதத்தை வகுத்தன. புதிதாகத் துவங்கும் பள்ளிக்குப் பொதுவாக 100 படுக்கைகள் கொண்ட சொந்த ஆஸ்பத்திரி இருத்தல் வேண்டும்; அப்படுக்கைகளில் சராசரி நூற்றுக்கு எழுபத்தைந்தேனும் நோயாளர் படுத்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 40 பேரைச் சேர்க்கும் மூன்றாண்டுப் பள்ளியில் மொத்தம் 120 மாணவிகள் இருப்பர். அவர்களில் பாதிப் பேர் ஒரே வேளையில் வார்டுக்குச் சென்றாலும் 180 நோயாளர் வேண்டும். ஒரு மருந்துக்கடையும் பத்துக் கட்டில்களும் உள்ள மகப்பேற்று இல்லத்தைக் காட்டி, ‘இதுவே எங்கள் ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பள்ளி இந்தக் கணக்குக்கு என்ன விடை தரும்? ஒரே ஆஸ்பத்திரியின் அதே படுக்கைகளை மூன்று பள்ளிகள் தத்தம் ஏட்டில் எழுதிக் காட்டுவதும், இன்ஸ்பெக்ஷன் தினத்தன்று மட்டும் கட்டில்கள் நிறைவதும் நாம் கேள்விப்படாதவை அல்ல.

நமது மேற்குப் புறநகர் இவ்விஷயத்தில் பாக்கியம் செய்தது என்றே கூறலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலும், அப்பால் தண்டலத்திலும், தெற்கே போரூரிலும் மருத்துவக் கல்லூரிகளும் அவற்றைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அம்பத்தூரில் 1966ஆம் ஆண்டு முதல் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் பணிசெய்துவரும் ஸர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவள்ளூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. படுக்கைக்குக் குறைவில்லாத இவ்வூர்களில், படுக்கையே காணாத மாடிப் பள்ளியில் ஒரு பெண் மூன்றாண்டுகளைக் கழிப்பது எத்தகைய விரயம்! ஆகவே பள்ளியைப் பார்க்கப்போகும் தகப்பனார், முதலில் பள்ளியைப் பார்க்கவேண்டாம். அது காட்டும் ஆஸ்பத்திரிக்குச் செல்லட்டும். முன்னறிவிப்பின்றி, ஒரு சாதாரண வாரநாளில் செல்லட்டும். வார்டில் நோயாளர் உண்டா, சீருடையில் மாணவிகள் உண்டா, அவர்களுடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நிற்கிறாரா என்று கவனிக்கட்டும். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் ஐந்து நிமிஷம் பேசட்டும். அவள் எத்தனை பிரசவம் பார்த்தாள், எத்தனை இரவு வேலை செய்தாள் என்று விசாரித்தால், அச்சிட்ட தாள் நூறு பக்கத்தில் சொல்லாததை அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்யவேண்டும். மாணவி வார்டில் நிற்பது கற்பதற்காக. சம்பளமின்றி வேலை வாங்குவதற்கு மாணவிகளைப் பயன்படுத்தி, நர்ஸுகளை நியமிக்காமல் செலவைக் குறைக்கும் ஆஸ்பத்திரியும் உண்டு. அங்கே அவளுக்குப் பழக்கம் வரலாம், படிப்பு வராது. ஆசிரியை இல்லாத வார்டில் மாணவிகள் மட்டும் ஓடியாடுவதைக் கண்டால் தகப்பனார் வந்த வழியே திரும்பலாம். ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் பதின்மர் என்பதே விதி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவோம். தனியார் கல்லூரிகளிலும் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பில் ஒரு பகுதி இடங்கள் சர்க்கார் ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. அதற்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழுவுக்கு மனுச் செய்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். இதை அறியாமல் தரகர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் பல மடங்கு கொடுத்துச் சேர்வோர் எத்தனை பேர்! சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் துவங்கப்பட்டது. அது பஸ் செலவுக்கேனும் ஆகும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு உதவிச் சம்பளம் உண்டு. கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது, சீருடை, விடுதி, பரீட்சை, பஸ், ‘இதர’ என்ற தலைப்புகளையும் கூட்டி, முழுப் படிப்புக்குமான தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குவது நலம். ‘இதர’ என்ற சின்னச் சொல் பல குடும்பங்களின் நகையை விழுங்கியிருக்கிறது.

இனி, பிழைப்புக்கு வருவோம். ‘நூற்றுக்கு நூறு வேலை’ என்ற வாக்கு ஒருவகையில் உண்மையே. நர்ஸுக்கு வேலை கிடைப்பது அரிதன்று. சோறு போடும் வேலை கிடைப்பதுதான் அரிது.

சர்க்கார் வேலையை எடுத்துக்கொள்வோம். 2012இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளைப் போட்டிப் பரீட்சை வாயிலாகத் தெரிந்தெடுக்க முற்பட்டது. தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கும் கதவு திறந்ததென்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் உள்ளே சென்றவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரமாக்கப்படும் என்ற நம்பிக்கை நீண்டுகொண்டே போகவே, 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் வளாகத்தில் உட்கார்ந்தனர். தொகை பின்னர் 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அவசரமாக நியமிக்கப்பட்டு, ஜனங்களால் கைதட்டிப் போற்றப்பட்ட 2,000க்கு மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலையினின்று நிறுத்தப்பட்டுத் தெருவில் நின்றனர். கைதட்டலால் அடுப்பு எரிவதில்லை.

மத்திய சர்க்காரின் நிலைமை வேறு. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் நர்ஸிங் அதிகாரி வேலைக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பட்டம் பெற்றவர் நேரே பரீட்சை எழுதலாம். டிப்ளமா பெற்றவரோ 50 படுக்கைகளுக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டாண்டு அனுபவம் காட்ட வேண்டும். ரெயில்வே ஆஸ்பத்திரிகளும் தொழிலாளர் ஈட்டுறுதி ஆஸ்பத்திரிகளும் ஆள் எடுப்பதுண்டு. பட்டப்படிப்புக்குச் செலவு அதிகமெனினும் அது திறக்கும் கதவுகள் அதிகம் என்பதற்கு இதுவே சாட்சி. ஆயினும், அறிவியல் பாடம் எடுக்காத பெண்ணுக்கும் டிப்ளமாவின் வழி உண்டு. பின்னர் இரண்டாண்டு மேற்படிப்பினால் பட்டமும் பெறலாம்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் கதை வருந்தத்தக்கது. பயிற்சி பெற்ற நர்ஸுகளின் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரி 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தந்த உத்தரவின் விளைவாக ஒரு நிபுணர் கமிட்டி அமைந்தது. 200க்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, மாகாண சர்க்கார் நர்ஸுக்கு ஈடான சம்பளம் தரவேண்டும். 100க்கு மேற்பட்டதாயின் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையலாகாது. 50 முதல் 100 வரையாயின் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் குறையலாகாது. 50க்கும் குறைந்த சிறு ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்கமிட்டி சிபார்சு செய்தது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2017இல் நர்ஸுகள் கிளர்ந்தெழுந்தனர். 2018 ஏப்ரலில் அந்தச் சர்க்கார் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக்கி உத்தரவிட்டது. நம் புறநகர்களின் சிறு ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் எத்தனையோ பெண்களுக்கு அத்தொகை இன்னும் கைக்கு எட்டாத கனியாகவே இருக்கிறது. பொது வார்டில் ஐந்து நோயாளருக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்ற அளவு ஏட்டோடு நின்றுவிடுகிறது. இதனால் நஷ்டப்படுவோர் நர்ஸுகள் மாத்திரமல்லர். படுக்கையில் கிடக்கும் நாமும் நம் பெற்றோருமே.

ஆகையினால் ‘வேலை நிச்சயம்’ என்று கூறும் பள்ளியிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் பெறவேண்டும்: எந்த ஆஸ்பத்திரியில் வேலை, என்ன சம்பளம், எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம். தன் சொந்த ஆஸ்பத்திரியிலேயே இரண்டாண்டு குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டுமென்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் வேலைவாய்ப்பன்று, அடிமை முறி. சான்றிதழ் அடகுப் பொருளன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் பன்முறை கூறியுள்ளது.

கடல் கடந்து செல்லும் ஆசையையும் நாம் குறைகூற மாட்டோம். இங்கே பத்தாண்டில் காணாத சம்பளத்தை அங்கே ஓராண்டில் காணும் பெண்ணைத் தேசபக்தியின் பெயரால் தடுப்பதற்கு நமக்கு உரிமை கிடையாது. ஆனால் 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கி மீண்ட 46 நர்ஸுகளின் சரித்திரத்தை மறத்தலாகாது. அவர்களில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இருந்தார். சுற்றிலும் குண்டு வெடித்தபோதும், தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடனை நினைத்து ஊர் திரும்பத் தயங்கியவர்கள் பலர். அதற்கு மறு ஆண்டில்தான் வளைகுடா முதலிய நாடுகளுக்குச் செல்லும் நர்ஸுகள் சர்க்கார் நிறுவனங்களின் வாயிலாகவே செல்லவேண்டுமென்று மத்திய சர்க்கார் விதித்தது. தமிழ்நாட்டில் அதற்கென 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பள்ளியே தரகராகவும் இருந்தால் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தோ ஜெர்மனியோ கேட்பது பாஷைத் தேர்ச்சியும் வார்டு அனுபவமும். அவை பள்ளி நாளிலேயே வரவேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமன்று. 2016இன் சிபார்சைச் சட்டமாக்கட்டும். ஒவ்வொரு தனியார் பள்ளியின் ஆஸ்பத்திரியையும், அதன் படுக்கை எண்ணிக்கையையும், ஆண்டுதோறும் தேறியோர் தொகையையும் பள்ளி வாயிலிலேயே பலகையில் தமிழில் எழுதி வைக்கும்படி உத்தரவிடட்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய நர்ஸிங் கமிஷன் சட்டம் பள்ளிகளைத் தரம்பிரித்து மதிப்பிடவும் வழி செய்திருக்கிறது. அந்த மதிப்பீடு கோப்புக்குள் உறங்காமல் அம்பத்தூர்த் தொழிலாளியின் கண்ணில் படவேண்டும். அதே ஆண்டில் நாடெங்கும் 157 சர்க்கார் நர்ஸிங் கல்லூரிகளுக்கு மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது; தமிழ்நாட்டின் பங்கு 11. தனியார் பள்ளியின் விலையைக் குறைக்க, அருகில் நல்ல சர்க்கார் கல்லூரி இருப்பதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை.

நமக்கு எழுதிய அன்பருக்கு ஒரு வார்த்தை. தங்கள் குமாரி அறிவியல் பாடம் எடுத்துத் தேறியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக் குழுவின் விண்ணப்ப நாள் கடப்பதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். சர்க்கார் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமாயின், பூந்தமல்லிக்கு அப்பால் பஸ்ஸில் போய்வரும் ஒன்றரை மணி நேரத்தைப் பெரிதாக எண்ணவேண்டாம். இடம் கிடைக்காவிட்டால், பட்டியலில் பெயருள்ள, நோயாளர் நிறைந்த ஆஸ்பத்திரியுள்ள டிப்ளமாப் பள்ளியை நாடுங்கள். மாடிப் பள்ளியின் தாளில் ஆஸ்பத்திரியின் பெயரே காணோம். கவுன்சில் பட்டியலைப் பாருங்கள், அதிலும் அப்பள்ளி இராவிடில் யோசிக்கவேண்டியது ஒன்றுமில்லை. எவ்வாறாயினும், நாளைக் காலை வேலைக்குச் செல்லும்முன் அங்கே போய், அந்த அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சாரப் பணத்தைப் பிறகு கேட்கலாம்.